வாரம் போடுகிற வீடு

எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன் முதுகில் மோதிரத்தால் தட்டினால் வருகிற சத்தம், இத்தனை காலத்துக்குப் பிறகும் என் காதை விட்டுப் போகவில்லை. கோயில் மணியின் கனமும் அதில் இல்லை, பள்ளிக்கூட மணியின் மிரட்டலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே சின்னதாக ஓர் அதிகாரம் மட்டும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட இலைகளை எடுத்துப் போட்டு, கூடத்துத் தரையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள், என் பெரிய தம்பி தியாகேசன் அப்படித் தட்டுவான். வீட்டில் யார் எங்கே இருந்தாலும், எந்தக் கோபத்தில் இருந்தாலும், வந்து உட்கார வேண்டும், ஏனென்றால் அதுதான் வாரம் போடுகிற நேரம்.

வாரம் போடுவது என்றால் வருகிற ஏழு ராத்திரிக்கும் என்ன சாப்பாடு என்று முடிவு செய்வது. எங்கள் அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. அம்மா தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் "இன்னிக்கு என்ன வைக்கட்டும்" என்று கேட்பதும், அப்பா "எதையாவது வை" என்பதும், அம்மா எதையாவது வைத்ததும் அப்பா "இதையா வச்சே" என்பதுமாக முதல் சில வருஷங்கள் போனதாம்; அதற்குப் பிறகு உயிரோடு குடித்தனம் நடத்த வேறு வழி தெரியாமல் ஏழு ராத்திரியையும் ஆளுக்கொன்றாகப் பிரித்து, இரண்டு சட்டமும் போட்டுவிட்டார். யார் கேட்கிறார்களோ அவர்களே உரிப்பதும் அரிவதும் செய்ய வேண்டும் என்பது முதல் சட்டம். தன் முறை வரும்போது வாயைத் திறக்காமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த ராத்திரிக்கு உப்புமா என்பது இரண்டாவது. மௌனம் உப்புமாவுக்குச் சம்மதம் என்பார் அப்பா.

அப்பாவும் அம்மாவும் போன பிறகும் வழக்கம் போகவில்லை. திங்கட்கிழமை தியாகேசனுக்கு. செவ்வாய் சின்னவன் மறைநாதனுக்கு. புதன் எனக்கு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்த அக்காவுக்கும் ஒரு ராத்திரி உண்டு. வியாழன், மறைநாதனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து வந்த பவளக்கொடிக்கு. வெள்ளி பிள்ளையாருக்கு, அவர் சார்பில் தியாகேசன் பேசுவான். சனி பெருமாளுக்கு, அவர் சார்பில் மறைநாதன். ஞாயிறு, தியாகேசனின் மகள் மரகதத்துக்கு. ஏழும் நிரம்பிவிட்டன. ஏழு ராத்திரியும் சமைத்தது தியாகேசனின் மனைவி கோசலை. கடவுளர் உரிக்க மாட்டார்கள் என்பதால் அவர்கள் பங்குத் தேங்காயையும் அவளே துருவினாள்.

எங்கள் ஊர் கள்ளிக்கோடி, தேசப்படத்தில் மூக்கு நுனியில் நிற்கிற வியர்வைத் துளி மாதிரி இருக்கும். கிழக்கே கடல். தெற்கே நரிகள் குடியிருக்கிற காடு. மேற்கே, காவிரித் தண்ணீர் வந்து சேர்வதற்குள் களைத்துப் போய்விடுகிற கடைமடை வயல். வடக்கே கண்ணைக் கூசவைக்கிற உப்பளம், எங்கள் பக்கத்தில் வெறுமனே அளம் என்போம். ஆகவே மழைக்கு ஏங்குகிறவனும் மழைக்குப் பயப்படுகிறவனும் அங்கே அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். தியாகேசனுக்கு வயல், மறைநாதனுக்கு அளம், இருவருக்கும் சேர்த்து ஒரே அடுப்பு.

அந்த வருஷம் ஆடி மாதத்தில், எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு மறுநாள் வானத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது.

முதலில் கவனித்தது பின்தெருவில் அப்பளம் போடுகிற ஜெகதாம்பா. ஒருநாள் காலை கொல்லைச் சுவருக்கு மேலே அவள் தலை மட்டும் தெரிந்தது.

"கோசலை, நேத்து ராத்திரி ரசமா?"

"ஆமாக்கா. ஏன், வாசனை வந்துச்சா?"

"வாசனை வரலை, தூறல் வந்துச்சு. போன திங்கக்கெழமையும் ஒங்க வீட்ல ரசம், மறுநாள் தூறல். அதுக்கு முந்தின திங்களும் அதேதான். என் அப்பளமெல்லாம் நமுத்துப் போயி பூனைக் காது மாதிரி கெடக்கு. ரசம் வைக்கிறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"சரிக்கா, சொல்றேன்" என்றாள் கோசலை, சுவருக்கு இந்தப் பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, சர்க்கரை கடன் கேட்டவளுக்குச் சொல்வதைப் போல.

அதற்குப் பிறகு ஊர் அதைப் படித்துக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. ரசம் என்றால் தூறல், பூண்டு ரசம் என்றால் இடியோடு மழை. வத்தக்குழம்பு என்றால் காக்கை நிழல் தேடுகிற வெயில். மோர்க்குழம்புக்கு மேகமூட்டம், இட்லிக்கு விடியற்காலைப் பனி, அடைக்குக் கடல்காற்று, தோசைக்குப் பாட்டெழுதத் தோன்றுகிற மாதிரி ஒரு நிர்மலமான நாள். உப்புமாவுக்கு மட்டும் வெயிலும் இல்லை, மழையும் இல்லை, இலைகூட அசையாத ஒரு புழுக்கம் வரும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. பால் ஏன் பொங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை, பொங்குகிற நேரம் தெரிந்தால் போதும் என்று இருக்கிறார்கள் இல்லையா, அப்படித்தான்.

சூசையின் டீக்கடையில், தினமும் தங்கம் விலை எழுதுகிற கரும்பலகையில் தங்கத்தை அழித்துவிட்டு எங்கள் வீட்டுக் குழம்பை எழுத ஆரம்பித்தார்கள். மீனவர்கள் வந்து, அம்மா, அடை மட்டும் வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம், படகு ஒரு பக்கமா சாயுது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் முகூர்த்த நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் எங்கள் வீட்டு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பரீட்சை வந்தால் மரகதத்துக்குப் பள்ளிக்கூடத்தில் திடீரென்று சிநேகிதிகள் பெருகினார்கள். பூண்டு ரசம் கேட்டால் நெல்லிக்காய், இரண்டு வாரம் தொடர்ந்து கேட்டால் நெல்லிக்காயோடு ரிப்பன். மாவட்டத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி காற்றளக்கும் கருவியோடு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குப் புதன்; வாரம் போட்டபோது நான் ஏதோ கோபத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததால் உப்புமா. மறுநாள் அவருடைய கருவியின் இறக்கை ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. கருவி பழுது என்று எழுதிக்கொண்டு வியர்வையைத் துடைத்தபடி பேருந்து ஏறினார். அவருக்கு நாங்கள் மறுபடியும் சொல்லவில்லை. வந்தவரை எதற்குக் குழப்புவது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஊரே எங்கள் கூடத்துக்கு வர ஆரம்பித்தது. உள்ளே இடம் இல்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதிக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. அவர் பொதுவாக ஏதாவது சொல்வார், யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

ஆவணி பிறந்ததும் விளையாட்டு போய்விட்டது. தியாகேசன் புழுதியில் விதைத்திருந்தான். ஈரம் இல்லாமல் விதை மண்ணுக்குள் கிடக்க, எறும்புகள் வரிசையாக வந்து அதை இழுத்துக்கொண்டு போயின. மறைநாதனோ அந்த வருஷம்தான் துணிந்து பெரிய அளமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தான். புரட்டாசி முடிகிறவரை வெயில் நின்றால் உப்பு வாரி அம்பாரம் கட்டிக் கீற்றுப் போட்டு மூடிவிடலாம், நடுவில் ஒரு நல்ல மழை வந்தால் அத்தனையும் கரைந்து, எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்விடும்.

திங்கள் தியாகேசன் பூண்டு ரசம் கேட்டான், பூண்டு உரித்து உரித்து அவன் விரல் நகமெல்லாம் மஞ்சளாயிற்று. செவ்வாய் மறைநாதன் வத்தக்குழம்பு கேட்டான். புதன்கிழமைக்கு என்னிடம் இருவரும் தனித்தனியாக வந்தார்கள், ஒருவன் புத்தகத்தோடு, ஒருவன் மல்லிகைப்பூவோடு. நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு தோசை கேட்டேன்.

வெள்ளிக்கிழமையின் முறை வந்தபோது தியாகேசன் கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கலந்துகொண்டு சொன்னான்: "அவருக்கும் ரசம்தான் வேணுமாம்."

"பிள்ளையாருக்குக் கொழுக்கட்டைதானே அண்ணே" என்றான் மறைநாதன். "எந்தப் புராணத்துல ரசம் குடிச்சாரு? தும்பிக்கையில ஊத்திக்கிட்டாரா?"

"ஒன் பெருமாள் மட்டும் வாராவாரம் சுண்டைக்கா வத்தல் கேக்குறாரே. பாற்கடல்ல வத்தலா காயப்போட்டிருக்கு?"

ஜன்னலில் நின்ற கூட்டம் சிரித்தது. வயல்காரர்கள் ஒரு பக்கமாகவும் அளத்துக்காரர்கள் ஒரு பக்கமாகவும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மறைநாதன் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னான். "வயல் அப்பா வச்சது. அது காஞ்சாலும் ஒங்களுக்கு வயல் இருக்கும். அளம் கரைஞ்சா எனக்கு என்ன இருக்கு?"

தியாகேசன் டம்ளரை நிமிர்த்தி வைத்தான்.

அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு, திங்களுக்கு என்ன என்று கேட்கப்பட்டபோது அண்ணன் சுவரைப் பார்த்தான், செவ்வாய்க்குக் கேட்கப்பட்டபோது தம்பி உத்தரத்தைப் பார்த்தான், பிள்ளையாரும் பெருமாளும் தம் தம் பிரதிநிதிகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவளக்கொடி புருஷனுக்காகப் பேசவில்லை. மரகதம் பயத்தில் பேசவில்லை. நான் பேசி என்ன என்று விட்டுவிட்டேன். கோசலை ஒரு பானை நிறைய ரவையை வறுத்து வைத்தாள்.

அந்த வாரத்தைக் கள்ளிக்கோடியில் பிறந்த யாரும் மறக்க மாட்டார்கள். காற்று என்ற ஒன்று இருந்ததே ஞாபகத்தில் மட்டும் நின்றது. கொடியில் போட்ட வேட்டி தொங்கியது தொங்கியபடி, கடல் தட்டில் ஊற்றிவைத்த எண்ணெய் மாதிரி, பனைமரங்கள் யாரோ வரைந்துவிட்டுப் போனவை மாதிரி. புகை மேலே போகாமல் ஆளுயரத்தில் நின்று பீடி குடிக்கிறவர்களைக் காட்டிக்கொடுத்தது. உத்திராபதி ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தியாகேசா, மழை பெய்ய வை, இல்ல வெயில் அடிக்க வை, ஊருக்கு எது வந்தாலும் சம்மதம். ஆனா ஒன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசிடுப்பா. மூச்சு முட்டுது."

"அவன் பேசட்டும்" என்றான் தியாகேசன்.

"அவர் பேசட்டும்" என்றான் மறைநாதன், என்னைப் பார்த்து.

பவளக்கொடிதான் கடைசியில் மறைநாதனிடம் சொன்னாள். கெட்டவள் இல்லை, வேர்க்குரு வந்து கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "அடுப்பைப் பிரிச்சிடலாம் அத்தான். நமக்கு வேண்டியதை நாம வச்சுக்குவோம்."

அடுப்பைப் பிரிப்பது என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் உச்சரித்ததில்லை. கோசலை அப்போது இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ வந்தபோது மறைநாதனுக்கு எட்டு வயது, எங்கள் அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்யாணப் பந்தலில் அவன் அவளுடைய புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான், எடுத்துவிடப் பார்த்தவர்களை அவள் வேண்டாம் என்றாள். அவனுக்கு எண்ணெய் தேய்த்தது, வாய்ப்பாடு கேட்டது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது எல்லாம் அவள்தான். பின்கட்டில் புது அடுப்புப் போட மண் குழைத்தபோது, தவிடு போதாது, வெடிக்கும், இன்னும் கொஞ்சம் போடு என்று மட்டும் பவளக்கொடிக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

முன்கட்டில் ரசம், பின்கட்டில் வத்தக்குழம்பு. மறுநாள் காலை வெயிலும் மழையும் சேர்ந்து வந்தன. வெயிலும் மழையும் சேர்ந்தால் காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். மற்ற ஊர்களில் அது சொல்வதோடு சரி.

முதல் கல்யாணத்துக்கு எல்லோருமே போனோம். காட்டிலிருந்து நரிகள் வரிசையாகக் கடைத்தெரு வழியே வந்தன, மாப்பிள்ளை நரி கொஞ்சம் வெட்கத்தோடு நடுவில் நடந்தது. பெண் வீட்டார் மின்கம்பிகளில் உட்கார்ந்து ஓயாமல் குறை சொன்னார்கள். நாதஸ்வரக்காரர் கைலாசம் தானாகவே வந்து வாசித்தார். மழைத்துளி ஒவ்வொன்றிலும் வெயில் பட்டு ஊர் முழுக்கக் கண்ணாடி மணி கோர்த்த மாதிரி இருந்தது, நான்கூட ஒரு நல்ல வெண்பாவுக்கு இரண்டு அடி வரை போனேன். இரண்டாம் நாளும் கல்யாணம். மூன்றாம் நாளும். வாரக் கடைசிக்குள் ஊர் அலுத்துப்போயிற்று. தினமும் தெருவை அடைத்துக்கொண்டு ஊர்வலம், தினமும் சம்பந்திச் சண்டை. கல்யாணமான கையோடு குடித்தனம் மரத்திலா வளையிலா என்று அவர்களுக்குள் தீராத வழக்கு, அதை உத்திராபதிதான் தீர்த்துவைக்க வேண்டும் என்று இரண்டு தரப்பும் அவர் வாசலில். கைலாசம் உதடு வீங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார். "இன்னிக்குமா முகூர்த்தம்" என்று ஜெகதாம்பா அப்பளக் கட்டையாலேயே காக்கைகளை விரட்டினாள்.

இதற்கிடையில் தியாகேசனின் விதை முளைத்துவிட்டது. மழையும் வெயிலும் பயிருக்கு நல்லதுதானே. அளத்துக்குத்தான் பாதி வெயில் போதாது. மறைநாதனின் உப்பு பாத்தியில் பூத்துப் பூத்து, பூத்த வேகத்தில் கரைந்தது. ஒருநாள் அவன் முழங்கால்வரை வெள்ளைச் சேறோடு வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல் சொன்னான்: "தூத்துக்குடிக்குப் போயிடலாம்னு இருக்கேன். பவளம் அப்பா அளத்துல ஆள் வேணும்னாரு. அடுத்த வெள்ளிக்கெழமை போறோம்."

கோசலை அப்போது கிணற்றில் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். கயிறு அவள் கையிலிருந்து போனது. வாளி விழுந்ததும் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டாள். ராத்திரி வைத்த ரசத்தில் உப்பு இல்லை. தியாகேசன் அதைச் சொல்லாமல் சாப்பிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்கட்டில் ஒரு டம்ளரும் பின்கட்டில் ஒரு டம்ளரும் தட்டப்படுவதற்கு முன்னால், கோசலை இரண்டையும் எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மாடத்தில் வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாரம் போடும்போதெல்லாம் அவள் சமையலறை நிலைப்படியில் நின்றுதான் கேட்பாள். பின்கட்டிலிருந்து மறைநாதனும் பவளக்கொடியும் வந்தார்கள்.

"இந்த வாரத்துல எனக்கு ஒரு ராத்திரி வேணும்" என்றாள்.

தியாகேசன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "ஏழும் போயிடுச்சே."

"என் வியாழக்கெழமைய எடுத்துக்குங்கக்கா" என்றாள் பவளக்கொடி. "நான் வெள்ளிக்கெழமை போறவதானே."

"சரி. வியாழக்கெழமை." கோசலை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் சமைக்க மாட்டேன். நீங்க அண்ணனும் தம்பியும் சேர்ந்து சமைக்கணும். இந்த அடுப்புல."

"என்ன வேணும், அதைச் சொல்லு" என்றான் தியாகேசன்.

"எனக்குப் புடிச்சது வேணும்."

"அதான் என்னன்னு கேக்குறேன்."

"அதைச் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? சமைக்கிறவங்களுக்குத் தெரியணும். ஒங்களுக்கெல்லாம் எது புடிக்கும்னு நான் எழுதியா வச்சிருக்கேன்?"

"கேக்குறவங்கதானே உரிக்கணும், அப்பா சட்டம்" என்று தியாகேசன் இழுத்தான்.

"இருபத்திரண்டு வருஷமா உரிச்சாச்சு" என்றாள் கோசலை. எழுந்து போய்விட்டாள்.

சூசை அன்று மாலை பலகையில் வியாழனுக்கு எதிரே சாக்கட்டியை வைத்து அழுத்திவிட்டு, எழுதாமல் நின்றான். கோசலைக்கு என்ன பிடிக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததால், வியாழன் ராத்திரி கழிந்து விடிகிற வெள்ளிக்கிழமை மழையா வெயிலா புயலா என்பதும் தெரியவில்லை. மீனவர்கள் படகுகளைக் கரையேற்றி வைத்தார்கள். உத்திராபதி அவள் பிறந்த ஊருக்கே ஆள் அனுப்பினார். காது மங்கிப்போன அவளுடைய அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, "அவளா, சின்னதுல எதைக் குடுத்தாலும் திம்பா" என்று சொல்லியனுப்பினாள். என்னிடமும் கேட்டார்கள். காவியத்து நாயகிகள் யார் யார் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வியாழன் பொழுது சாய்வதற்கு முன்பே இருவரும் அடுப்படிக்குள் போனார்கள். பேச்சு விட்டு நாளாகியிருந்ததால் முதலில் பாத்திரங்கள்தான் பேசின. அரிசியைக் களைந்து பெரிய வெண்கலப் பானையில் உலை வைத்தார்கள், எது பிடித்தாலும் சோறு வேண்டுமே என்று. நானும் பவளக்கொடியும் கூடத்தில் இருந்தோம். கோசலை கொல்லையில் துவைகல் மேல் உட்கார்ந்து மரகதத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது.

"அவியல்டா" என்றான் தியாகேசன் கடைசியில். "கல்யாணத்தன்னிக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்கினா."

"அது எனக்கு அண்ணே. நான் அவங்க பக்கத்து எலையில ஒக்காந்திருந்தேன். எனக்காக வாங்கினாங்க."

"புளியோதரை?"

"அது ஒங்களுக்குப் புடிக்கும்."

"கத்திரிக்கா பொரிச்ச குழம்பு?"

"அது அக்காவுக்கு."

"சேமியாப் பாயசம். போட்டு வச்சுட்டு மோந்து மோந்து பாப்பாளே."

"மரகதத்துக்கு. அது தீயுதான்னு பாக்குறதுக்கு." விறகைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "அண்ணே, அண்ணி ஒக்காந்து சாப்பிட்டு நீங்க என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

"நீ பாத்திருக்கியா?"

"நான் சின்னப் பையன். நீங்க புருஷன்."

"சின்னப் பையன். அம்மை போட்டப்ப அவ கழுத்தைக் கட்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்தே. எனக்கு வாசல்ல பாய். கல்யாணமாகி மூணாவது மாசம்."

"அதுக்கா வயலை நீங்களே வச்சுக்கிட்டீங்க?"

"யாருடா வச்சுக்கிட்டது? சேத்துல எறங்க மாட்டேன்னு அளத்துக்கு ஓடினது யாரு?"

"சேத்துல அட்டை இருந்துச்சு."

"அட்டைக்குப் பயந்துதான் கண்ணு போற உப்புல போயி நின்னியா?"

பிறகு சத்தம் ஏறியது. வயல், அளம், குத்தகை, அப்பாவின் வைத்தியச் செலவு, யாரோ ஒரு மாடு, யாருக்கோ போட்ட மோதிரம் எல்லாம் வந்தது. பவளக்கொடி எழுந்தாள், நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். சத்தம் எங்கேயோ ஓரிடத்தில் உடைந்தது, எந்த இடம் என்று சொல்ல முடியாது. தியாகேசன் அட்டை கடித்தபோது தம்பி போட்ட கூச்சலை அப்படியே செய்து காட்டினான். மறைநாதன் சிரிக்கக்கூடாது என்று இருந்து இருமினான். அதற்குப் பிறகு இருவரும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் அந்த வாடை வந்தது.

சோறு அடிப்பிடித்திருந்தது. லேசாக இல்லை, தெரு முழுக்கக் கதவு திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. ஜெகதாம்பாவின் தலை சுவருக்கு மேலே முளைத்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் துணி போட்டுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, கையும் களவுமாக அகப்பட்டவர்கள் மாதிரி நின்றார்கள். குழம்பு இல்லை, கூட்டு இல்லை, அரிந்த காய் ஒன்றுகூட இல்லை.

கோசலை உள்ளே வந்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். மேல் சோற்றை அப்படியே வேறு பாத்திரத்தில் தள்ளிவிட்டு, இரும்புத் தோசைத்திருப்பியை எடுத்துப் பானையின் அடியைச் சுரண்டினாள். பழுப்பும் கருப்புமாகக் காந்தல் தகடு தகடாக வந்தது. தட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு மோர்மிளகாயும் எடுத்துக்கொண்டு, கூடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடித்தாள். அவள் பல்லில் அது நொறுங்கியது கூடம் முழுக்கக் கேட்டது.

"இதா அண்ணி?" என்றான் மறைநாதன்.

"எல்லாரும் சாப்பிட்டப்புறம் இதான் மிஞ்சும்" என்றாள் கோசலை. "வந்த புதுசுல வேற இல்லாததால தின்னேன். அப்புறம் வேற இருந்தப்பவும் நாக்கு இதைத்தான் தேடுச்சு. புடிச்சிருக்குன்னுதான் நெனைக்கிறேன், தெரியலை. ஒங்க அண்ணன் என்னைக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

தியாகேசன் தரையைப் பார்த்தபடி அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் ஒரு துண்டை உடைத்து அவனிடம் நீட்டினாள், இன்னொன்றை மறைநாதனிடம். கசந்தது என்று இருவர் முகத்திலும் தெரிந்தது. இருவரும் தின்றார்கள்.

"பவளம் சோறு வைக்கிறப்ப அடிப்பிடிக்காது" என்று மறைநாதன் தொடங்கினான்.

"நானும் பேசிக்கிட்டே நின்னா எனக்கும் அடிப்பிடிக்கும்" என்றாள் பவளக்கொடி. கையை நீட்டி அவளும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள்.

தட்டு காலியானதும் மறைநாதன் சொன்னான்: "பின்கட்டு அடுப்பை நாளைக்கு இடிச்சிடலாம் அண்ணே. புகை நேரா கட்டிலுக்கு வருது."

"தவிடு போட்டது" என்றான் தியாகேசன். "ரெண்டு பேர் வேணும் அதை இடிக்க."

வெள்ளிக்கிழமை என்ன வரப்போகிறது என்று ஊர் விழித்தபடி படுத்திருந்தது. விடிந்தபோது கிழக்கே வானம் காந்தல் நிறத்தில் இருந்தது. அப்படி ஒரு நிறத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. வெயில் என்றும் சொல்ல முடியாது, மழைக்கான எந்த அறிகுறியும் இல்லை. அடுப்பை அணைத்த பிறகும் பானையைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூட்டில் நாள் முழுக்க இருந்தது. சாயங்காலம் வரை தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை. காக்கையும் வரவில்லை, நரியும் வரவில்லை.

அன்றோடு வானம் எங்கள் வீட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. அடுத்த திங்கள் பூண்டு ரசம் வைத்தும் ஒரு சொட்டு விழவில்லை. ஊருக்குக் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. உத்திராபதி வந்து, வேண்டுமென்றே ஏதோ குறைத்துச் சமைக்கிறோம் என்று சந்தேகப்பட்டு, ரசத்தை வாங்கிக் குடித்துப் பார்த்து, மிளகு போதாது என்றார். சூசை பழக்கத்தை விட முடியாமல் தை மாதம் வரை எங்கள் குழம்பைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தான், பிறகு தங்கத்துக்குத் திரும்பினான். மழை ஐப்பசியில் தன் இஷ்டத்துக்கு வந்தது. அந்த வருஷம் வயலும் பாதி, அளமும் பாதி.

மறைநாதன் தூத்துக்குடிக்குப் போகவில்லை. முன்கட்டின் ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு, இன்னும் முப்பத்திரண்டு வருஷம் கள்ளிக்கோடியிலேயே உப்பு வாரிக்கொண்டிருந்தான். அறுபத்திரண்டாவது வயதில், ஒரு பங்குனி மாதக் காலையில், பாத்தி வரப்பில் உட்கார்ந்தபடி செத்துப்போனான்.